பழைய எம்.ஜி.பி. இன்ஜினில் ஏர் பம்பைக் கழற்றினால் வண்டி பறக்குமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறீர்கள். 1974-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, பல வருடம் ஒரு பெரியவரின் கராஜில் தூங்கிக் கிடந்ததை, வாங்கியிருக்கிறீர்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் தெரியவில்லை; குழாய்கள்தான் தெரிகின்றன. வண்டி மந்தமாக ஓடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நாலைந்து முறை குலுங்கிவிட்டுத்தான் நிற்கிறது. ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "புகைக் கட்டுப்பாட்டுக் குப்பை இது, எல்லாவற்றையும் கழற்றி எறியுங்கள், வண்டி பறக்கும், 1975 வரை வந்த கார்களுக்கு இங்கே புகைச் சோதனையே கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள்" என்றாராம். எதைக் கழற்றலாம், எதை விட்டுவைக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

பறக்காது. நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூட அந்தக் கருவிகள் இருப்பதால் வந்ததில்லை. அவற்றில் சில கெட்டுப்போனதால் வந்தவை. கழற்றினால் ஒன்றிரண்டு குறை மறையும், வேறு இரண்டு கூடும். உங்கள் நண்பரை நான் குறை சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் இதே வேலையைச் செய்தவன்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பறப்பதைப் பற்றி. 1970-களில் வந்த கார்கள் எல்லாம் சக்தி இழந்தவை, அதற்குக் காரணம் இந்தக் குழாய்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. உங்கள் எம்.ஜி.பி.யில் இருப்பது 1798 சி.சி. பி-சீரீஸ் இன்ஜின். நம் ஊர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் இதே குடும்பம்தான். இன்ஜினின் மேல்மூடியான அந்த ராக்கர் கவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எம்.ஜி.பி.யின் பானெட்டுக்குள் ஒரு சொந்தக்காரரைப் பார்த்த உணர்வு வரும். 1972 மாடலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய இன்ஜின்களின் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை, 8.8-லிருந்து 8-க்குக் குறைத்தார்கள். பிஸ்டன் தலையிலேயே குழியை ஆழப்படுத்திவிட்டார்கள். போன சக்தியில் பெரும்பங்கு போனது அங்கே. ஏர் பம்பை நீங்கள் குப்பையில் போட்டாலும் பிஸ்டன் குழி நிரம்பப் போவதில்லை.

இன்னொரு பங்கு வெறும் காகிதத்தில் போனது. 1972 மாடலோடு அமெரிக்கக் கம்பெனிகள் குதிரைசக்தியை அளக்கும் முறையையே மாற்றின. அதற்கு முன் சைலன்சர், ஃபேன், ஏர் கிளீனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் மேசையில் ஏற்றி அளந்தார்கள். பிறகு காரில் இருக்கிறபடியே எல்லாம் பூட்டி அளந்தார்கள். 1971-இல் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் எல்.டி.-1 இன்ஜினுக்குக் கம்பெனி இரண்டு எண்களையும் தந்தது: பழைய முறையில் 330, புதிய முறையில் 275. ஒரே வருடம், ஒரே இன்ஜின், ஒரு நட்டுகூட மாறவில்லை. பழைய பிரசுரத்தையும் புதிய பிரசுரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த தலைமுறை, தொலைந்த அத்தனை குதிரைகளும் ஏர் பம்புக்குள் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொண்டது.

ஏர் பம்ப் எவ்வளவு தின்கிறது என்று நீங்களே பார்க்கலாம். பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டு, பம்பின் புல்லியைக் கையால் சுற்றுங்கள். நல்ல பம்ப் என்றால் இரண்டு விரலுக்குச் சுழலும். அது செய்வது ஒரே வேலை: வெளிக்காற்றை உறிஞ்சி, ஒரு ஒருவழி வால்வைத் தாண்டி, சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் ஓடும் இரும்புக் குழாய் வழியாக, நான்கு மெல்லிய மூக்குகள் மூலம் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்குள் ஊதுகிறது. சிலிண்டரில் எரியாமல் தப்பிவரும் பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் அந்தச் சூட்டில் புதுக்காற்றைக் கண்டதும் எரிந்து முடிகின்றன. எரிவது சிலிண்டரை விட்டு வெளியே வந்த பிறகு. அதனால் அதை நிறுத்தினாலும் சிலிண்டருக்குள் நடப்பதில் எதுவும் மாறாது.

இனி உங்கள் வெடிச்சத்தம். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று எடுக்கும்போது காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்கிறது, இன்ஜினுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) ஏறுகிறது. மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டியிருந்த பெட்ரோல் ஒரே மூச்சில் ஆவியாகி உள்ளே போகிறது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்கு வருகிறது. அங்கே பம்ப் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பட்டாசுதான். இதைத் தடுக்கத்தான் கல்ப் வால்வு என்று ஒன்றை வைத்தார்கள். வேக்குவம் திடீரென்று ஏறும் அந்த ஓரிரு நொடிக்கு அது திறந்து, பம்பின் காற்றில் ஒரு மிடறை மேனிஃபோல்டுக்குள் விட்டு, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சமப்படுத்தி மூடிக்கொள்ளும். உள்ளே ரப்பர் டயஃப்ரம். ஐம்பது வருட ரப்பர்.

பரிசோதிக்கச் சிரமமில்லை. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, கல்ப் வால்விலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் தடித்த குழாயை இடுக்கியால் நெரியுங்கள். நல்ல வால்வு அந்த நேரத்தில் மூடியிருக்கும், அதனால் ஓட்டத்தில் மாற்றம் தெரியக் கூடாது. நெரித்ததும் ஐடில் இறங்கி ஓட்டம் சீராகிறது என்றால் வால்வு மூடவே இல்லை, எந்நேரமும் காற்று கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் 1,400-இல் ஒரு பங்கும், மந்தத்தில் ஒரு பங்கும் இங்கிருந்தே வரலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பம்பையே எடுத்துவிட்டால் வெடிப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும், ஏனென்றால் எக்ஸாஸ்டில் ஊதப்படும் காற்று இல்லை. கசிந்த கல்ப் வால்வும் கூடவே போய்விடுவதால் ஐடிலும் திருந்தும். உங்கள் நண்பர் தன் வண்டியில் இதைக் கண்ணால் பார்த்திருப்பார். அதனால்தான் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார். அவர் கண்டது கெட்ட வால்வு போனதால் வந்த நன்மை. வால்வை மாற்றியிருந்தாலும் அதே நன்மை கிடைத்திருக்கும்.

ஐடிலுக்கு இன்னொரு சந்தேக நபரும் உண்டு. உங்கள் எஸ்.யு. கார்புரேட்டர்களின் த்ராட்டில் தட்டில் காசு அளவில் ஒரு குட்டி ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. அதுவும் காலை எடுக்கும் நேரத்துக்காக வைத்ததுதான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அது எப்போதும் லேசாகத் திறந்தே இருக்கும். ஐடில் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லை, கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்கிறது என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கரி டப்பாவுக்கு வருகிறேன். கைவைப்பவர்கள் எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. நான் செய்ததும் இங்கேதான்.

இன்ஜின் அருகே நிற்கும் கறுப்பு டப்பா, பெட்ரோல் டாங்கின் ஆவியையும் கார்புரேட்டர் கிண்ணங்களின் ஆவியையும் தன்னுள் இருக்கும் கரியில் பிடித்துவைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எம்.ஜி.பி.யில் அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் எண்ணெய்ப் புகையைக் கார்புரேட்டர் உறிஞ்சி எரிக்கிறது அல்லவா, அப்படி உறிஞ்சும்போது உள்ளே போகவேண்டிய புதுக்காற்று இந்த டப்பா வழியாகத்தான், ராக்கர் கவரின் பின்பக்கத்தில் உள்ள ஒரு குறுகிய துளை வழியாகப் போகிறது. அந்தத் துளை எவ்வளவு சிறியது என்பதை வைத்துத்தான் கார்புரேட்டரின் கலவையே கணக்கிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது வேலை, இன்ஜினை அணைப்பது. சாவியைத் திருப்பியதும், எண்ணெய் அழுத்தம் இறங்குவதற்குள் உள்ள அந்தச் சிறிது நேரத்தில், டப்பாவின் அடியோடு இணைந்த ஒரு மின்வால்வு வெளிக்காற்றை அடைத்துவிட்டு மேனிஃபோல்டின் வேக்குவத்தை டப்பாவுக்குள் திருப்பிவிடுகிறது. அது குழாய் வழியே கார்புரேட்டர் கிண்ணங்களின் மேல்பகுதிக்குப் போகிறது. கிண்ணத்தில் வேக்குவம் இருந்தால் பெட்ரோல் ஜெட்டில் ஏறாது. இன்ஜின் பசியில் நிற்கும். எண்ணெய் அழுத்தம் போனதும் ஸ்விட்ச் விட்டுவிடும், எல்லாம் பழையபடி. இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஆளைச் சந்திக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நான் செய்தது இது. டப்பாவை எடுத்துப் பரணில் போட்டேன். ராக்கர் கவரின் துளையை ரப்பர் மூடியால் அடைத்தேன். எண்ணெய் ஊற்றும் வாயில் காற்றுத் துளையுள்ள மூடி ஒன்றை மாட்டினேன், பழைய எம்.ஜி.பி.களில் அப்படித்தான் இருந்தது என்று யாரோ சொன்னதால். டாங்கிலிருந்து வரும் குழாயைத் திறந்தபடி சட்டத்தோடு கட்டிவிட்டேன். அன்று மாலை சாவியைத் திருப்பினேன். வண்டி நிற்கவில்லை. கியரில் போட்டு கிளட்சை விட்டு, இடித்து நிறுத்த வேண்டியிருந்தது. வெயில் காலம். மறுநாள் காலை கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவைத் திறந்த என் மனைவி, "பங்க்கில் குடியிருப்பது போல இருக்கிறது" என்றாள். சிரித்துவிட்டு உள்ளே போனவன், வாட்டர் ஹீட்டரைப் பார்த்ததும் நின்றேன். எங்கள் ஹீட்டர் கராஜில்தான் இருக்கிறது. அதன் அடியில் நீலச்சுடர் இரவும் பகலும் எரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அந்த வாரக்கடைசியே டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். கழற்ற ஒரு மணி நேரம் ஆனது, திரும்பப் பூட்ட இரண்டு சனிக்கிழமைகள் ஆயின, எந்தக் குழாய் எங்கே என்று படம் எடுத்து வைக்காததால்.

ஆகவே, அணைத்த பின்னும் உங்கள் வண்டி ஓடுகிறது என்றதும் எனக்கு முதலில் தோன்றியது எண்ணெய் மூடிதான். உங்கள் வருட வண்டிக்குக் காற்றுத் துளையில்லாத, ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடும் மூடி வேண்டும். துளையுள்ளது மாட்டியிருந்தால், நான் மேலே சொன்ன வேக்குவம் முழுக்க அங்கே கசிந்துவிடும். ராக்கர் கவரும் டப்பாவும் ஒரே குழாயில் இருப்பவை அல்லவா. ஐடிலில் ஓடும்போது மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிய வேண்டும். ஒன்றுமே மாறவில்லை என்றால் இன்ஜின் ஏற்கெனவே எங்கோ திறந்து கிடக்கிறது, அல்லது உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறது. ஐடில் 1,400-இல் நிற்பதும் அணைத்த பின் ஓடுவதற்கு ஒரு காரணம். அதிக வேகத்தில் சூடாகச் சுற்றும் இன்ஜின், ஸ்பார்க் இல்லாமலே தன் கரித்துண்டுகளின் கனலில் எரித்துக்கொள்ளும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது பாதி சரியாகும்.

இ.ஜி.ஆர். வால்வைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எக்ஸாஸ்டிலிருந்து கொஞ்சம் செத்த வாயுவை எடுத்து இன்டேக்கில் கலக்கிறது என்றதும் எல்லோருக்கும் முகம் சுளிக்கும். அது கலப்பது, நீங்கள் சமவேகத்தில் பாதி த்ராட்டிலில் போகும்போது மட்டும். ஐடிலில் மூடியிருக்கும், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினாலும் மூடிக்கொள்ளும். நீங்கள் சக்தி கேட்கும் நேரத்தில் அது வேலையிலேயே இல்லை. செத்த வாயு எரியாது, சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். எரிதலின் உச்ச வெப்பம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் இக்னிஷன் அட்வான்ஸை, அதாவது ஸ்பார்க் எவ்வளவு முந்தி விழ வேண்டும் என்பதை, அமைத்திருக்கிறார்கள். அடைத்துவிட்டு வேறு எதையும் தொடாமல் விட்டால், நெடுஞ்சாலையில் லேசான ஏற்றத்தில் கண்ணாடி டம்ளரில் கோலிகுண்டை உருட்டுவது போல ஒரு சத்தம் கேட்கலாம். நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம். ரேடியோ போட்டிருந்தால் அதுவும் கேட்காது, பிஸ்டன் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். மாறாக, வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஐடிலில் இன்ஜின் தடுமாறும். அதற்கு மருந்து கம்பித் தூரிகைதான்.

கழற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியக்கூடிய கருவி அந்தக் காலத்தில் ஒன்று இருந்தது. கீழ் கியர்களில் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவத்தால் ஸ்பார்க்கை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-லிருந்து தன் கார்களில் வைத்தது, பெட்ரோலையும் நிறையத் தின்றது. உங்கள் 1974-இல் அது இருக்காது என்று நினைக்கிறேன், தேடிப் பாருங்கள். இருந்தால் படத்தோடு எழுதுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். 1975-ஆம் ஆண்டு வரை வந்த கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பது சரி. விலக்கு சோதனைக்குத்தான், கருவிகளுக்கு இல்லை. மாநில வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு, கம்பெனி பூட்டி அனுப்பிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைத் துண்டித்தோ மாற்றியோ வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது. சோதனைக்கு விலக்கு பெற்ற பழைய வண்டியும் இதற்குள் வரும். மத்தியச் சட்டமும் அப்படியே. 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம் முதலில் கம்பெனிகளையும் விற்பனையாளர்களையும் கட்டியது, 1977-இல் ஒர்க்‌ஷாப்புகளையும், 1990-இல் யாராயினும் சரி என்று வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவரையும் சேர்த்துக்கொண்டது. யாராவது வந்து பானெட்டைத் திறந்து பார்ப்பார்களா என்று கேட்டால், பார்க்கமாட்டார்கள் என்பதுதான் என் அனுபவம். அதைக் கேட்டுக்கொண்டு என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

கலிஃபோர்னியா இதில் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரிய, தொண்டை கரகரக்க ஒரு மூட்டம் இறங்கியது. போர்க்காலம் என்பதால் எதிரி விஷவாயு விட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். சில வருடம் கழித்து கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்துதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார். கலிஃபோர்னியா முதலில் கைவைத்தது சைலன்சரில் இல்லை, இன்ஜினின் அடிவயிறான கிராங்க்கேஸில். கட்டுப்பாடே இல்லாத காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸிலிருந்தும், இன்னொரு பங்கு டாங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வெறும் ஆவியாகவும் போகிறது. நீங்கள் தூங்கும்போதும் டாங்க் தூங்காது. ஆகவே, மாதம் இருநூறு மைல் ஓடும் உங்கள் எம்.ஜி.பி.க்குக் கரி டப்பாதான் அதிக வேலை செய்யும் கருவி. ஏர் பம்ப் வருடத்தில் சில மணி நேரம்தான் சுற்றுகிறது.

பிரிட்டனில் விற்ற எம்.ஜி.பி.களில் ஏர் பம்ப் கிடையாது, அவை நன்றாகவே ஓடுகின்றன என்று யாராவது சொல்வார்கள். உண்மை. ஆனால் அவற்றின் கம்ப்ரெஷன் வேறு, கார்புரேட்டர் ஊசி வேறு, டிஸ்ட்ரிபியூட்டர் வேறு. பம்பை மட்டும் எடுத்தால் அந்த வண்டி வந்துவிடாது. அதுபோக, ஹெட்டில் திருகியிருக்கும் அந்த நான்கு காற்று மூக்குகளின் நட்டுகள் ஐம்பது வருடம் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து துருப்பிடித்தவை. அவசரப்பட்டு ஸ்பேனர் போட்டால் நட்டு வராது, தலை மட்டும் கையோடு வரும். மிச்சத்தை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். அந்தக் காரணத்துக்காகவாவது அவற்றைத் தொடாதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டிய வேலைகளை நான் செய்யும் வரிசையில் சொல்கிறேன். முதலில் செல்போனில் எல்லாக் குழாய்களையும் படம் எடுங்கள். பிறகு மெல்லிய வேக்குவம் குழாய்கள் அத்தனையையும் புதிதாக மாற்றுங்கள். பெட்ரோல் ஆவி போகும் இடங்களுக்குப் பெட்ரோல் தாங்கும் ரப்பரே வேண்டும், கண்ணில் பட்டதை மாட்டிவிடாதீர்கள். எண்ணெய் மூடியைப் பாருங்கள். ஏர் பம்புக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் உள்ள ஒருவழி வால்வின் மேல் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது உள்ளங்கையை அருகில் காட்டுங்கள். சூடான மூச்சு படபடவென்று வந்தால் அந்த வால்வு போய்விட்டது, எக்ஸாஸ்ட் திரும்பி வந்து பம்பைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. இவை முடிந்த பிறகுதான் வால்வு இடைவெளி, ஸ்பார்க் டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். புகை அளக்கும் கருவி வைத்து டியூன் செய்பவரிடம் கொண்டுபோனால், அளக்கும் நேரத்துக்கு மட்டும் பம்பின் காற்றைத் தடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த அதிகக் காற்று அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அவர் அதை நம்பிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் கொழுக்க வைத்துவிடுவார். மந்தத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்ததை நான் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை நேரம் கிடைத்தால் அந்தக் கல்ப் வால்வுக் குழாயை மட்டும் நெரித்துப் பாருங்கள். ஐடில் எத்தனை இறங்கியது, எண்ணெய் மூடியில் துளை இருந்ததா இல்லையா என்று இரண்டையும் எழுதுங்கள். மேற்கொண்டு என்ன வாங்குவது என்று அப்போது சொல்கிறேன்.